வீடியோ விளையாட்டுக்களில் ஏமாற்றுக் குறிகள்

சதுரங்கத்திற் குதிரை நேர்கோட்டிற் செல்லலாம் என இருவர் உடன்படுவாராயின், அவர் ஆடுவது வேறோர் ஆட்டமாகும். அவ்வாட்டத்தின் விதி ஆடுவோர் உள்ளத்தில் உறைவது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்படும் வீடியோ விளையாட்டின் விதியோ அத்தகையதன்று. அது பொறியினுள்ளே எண்வரிசையாகக் கிடக்கின்றது, ஆடுவோன் அதனைக் காணான், மீறவும் இயலான். ஆயின் எண்ணை மாற்றவல்லான் விதியையும் மாற்றவல்லனாவான். 'சீற் கோட்' என ஆங்கிலத்தில் வழங்கும் ஏமாற்றுக் குறிகள் இவ்வுண்மையின் மேல் எழுந்தவை. அவை ஆட்டத்தில் எதனை மாற்றுகின்றன, எதனை மாற்றாது விடுகின்றன என்பதை, 1983 இல் யப்பானிலும் 1985 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த நின்ரென்டோ நிறுவனத்தின் பொறியைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இக்குறிகளுட் சில, ஆட்டத்தை ஆக்கியோரே உள்ளே வைத்தவை. 1986 இல் 'கிராடியஸ்' என்னும் விண்கலப் போர் ஆட்டத்தை அப்பொறிக்கேற்ப அமைத்த கொனாமி நிறுவனத்தைச் சேர்ந்த கஸுஹிஸா ஹஷிமொட்டோ என்பார், தாம் அமைத்த ஆட்டத்தைத் தாமே ஆடிச் சோதித்தல் அரிதாயிருக்கக் கண்டு, ஒரு குறுக்கு வழி வகுத்தார். ஆட்டத்தை இடைநிறுத்தி, மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்ற முறையிற் பொத்தான்களை அழுத்தின், படைக்கலன்கள் ஒருங்கே வந்தெய்தும். வெளியீட்டின்போது அது நீக்கப்படாமலே போயிற்று. 1988 இல் வந்த 'கொன்ட்ரா' என்னும் ஆட்டத்தில் அதே வரிசை மூன்று உயிர்களை முப்பதாக்கிற்று. சோதிப்போனுக்கு உதவியது ஆடுவோனுக்கு உரிமையாயிற்று. 1990 இல் வெளிவந்த மூன்றாம் கிராடியஸில் ஆக்கியோர் ஒரு குறும்பும் செய்தனர்: பழைய வரிசையை அவ்வாறே அழுத்துவோனின் கலம் வெடித்துச் சிதறும்! இத்தகைய குறிகள் விதியை மீறுவன அல்ல. ஆக்கியோன் எழுதிவைத்த மறைவிதியைத் திறப்பன மாத்திரமே.

பிறர் புறத்தே நின்று புகுத்தும் குறிகளே நம் ஆராய்ச்சிக்கு மிக உரியவை. இங்கிலாந்துக் கோட்மாஸ்ரர்ஸ் நிறுவனத்தார் வகுத்த 'கேம் ஜீனி' என்னும் கருவி இதற்குச் சிறந்த சான்று. ஆட்டத்தின் செய்நிரல் அடங்கிய பேழைக்கும் பொறிக்கும் இடையே அதனைச் செருகுவர். பொறி தனக்கு வேண்டிய எண்ணைக் குறித்த முகவரியிலிருந்து கேட்கும்போது, இடைநின்ற கருவி பேழை தரும் எண்ணை மறைத்து வேறோர் எண்ணைத் தரும். தூதன் ஓலையைத் திருத்தாமல், வாசிக்குமிடத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வாசிப்பதை இஃது ஒக்கும். பேழையில் யாதொன்றும் அழிவதில்லை. கருவியைக் கழற்றினால் ஆட்டம் பழையபடியே நிற்கும்.

ஆடுவோன் இக்கருவிக்கு ஆறு அல்லது எட்டு எழுத்துக்கள் கொண்ட குறியை இடுவான். பயன்படுவன 16 எழுத்துக்களே. ஆதலின் ஒவ்வொன்றும் நான்கு இரும இலக்கங்களைக் குறிக்கும். ஆறெழுத்துக் குறியில் அடங்கும் 24 இலக்கங்களுள் 15 முகவரிக்கும், 8 புதிய எண்ணுக்கும், எஞ்சிய ஒன்று குறியின் நீளத்தைக் காட்டுதற்கும் ஆம். எட்டெழுத்துக் குறியோ, அவ்விடத்திற் பழைய எண் இன்னதாயிருந்தால் மட்டும் மாற்றுக என்னும் நிபந்தனையையும் ஏற்றிருக்கும். பெரிய பேழைகளில் ஒரே முகவரியில் வெவ்வேறு பகுதிகள் மாறிமாறி வருதலின் இந்நிபந்தனை வேண்டப்பட்டது.

'சுப்பர் மாரியோ புரோஸ்' (1985) ஆட்டத்திற்குரிய பெயர்பெற்ற குறியொன்றைப் பிரித்துக் காண்போம். எஸ், எக்ஸ், ஐ, ஓ, பி, ஓ என்பன அதன் எழுத்துக்கள். இதனை விரித்தால் முகவரி 37337 என்றும், புதிய எண் 173 என்றும் கிடைக்கும். அம்முகவரியில் உள்ள பழைய எண் 206. இப்பொறியின் மொழியில் 206 என்பது 'இன்ன இடத்திலுள்ள எண்ணில் ஒன்றைக் குறை' என்னும் கட்டளை. குறைக்கப்படுவது மாரியோவின் உயிர்த்தொகை. 173 என்பதோ 'இன்ன இடத்திலுள்ள எண்ணை எடு' என்பது. கழிக்க வேண்டிய பொறி உயிர்த்தொகையை எடுத்துப் பார்த்துவிட்டு அப்பாற் செல்கின்றது, உயிர் குறைவதில்லை. இத்தெரிவின் நுட்பம் வியக்கத்தக்கது. இரு கட்டளைகளும் நீளத்தில் ஒத்தவை. ஆதலின் பின்வரும் கட்டளைகள் இடம்பெயரவில்லை. அடுத்த கட்டளை, வந்த எண் மறையெண் அன்றாயின் ஆட்டத்தைத் தொடர்க என்பது. எண்ணை எடுத்தாலும் அச்சோதனை செவ்வனே நிகழும். எழுத்தொன்று மாறப் பொருள் முழுவதும் மாறும் சிலேடையைப் போன்றது இது.

'முடிவிலா உயிர்' என மக்கள் இதற்கு இட்ட பெயர் பொருந்தாது. உயிர் எதுவும் கொடுக்கப்படவில்லை; கழித்தல் நிறுத்தப்பட்டது, அவ்வளவே. உண்மையில் மிகுதியான உயிர்களைச் சேர்ப்பது இவ்வாட்டத்தில் ஆபத்து. 127 இற்கு மேற்பட்ட எண்ணைப் பொறி மறையெண்ணாகக் கருதுமாகலின், அளவிறந்த உயிர் சேர்த்தவன் ஒருமுறை வீழ்ந்தவுடன் ஆட்டமே முடிந்துவிடும்.

இனி, இக்குறி ஆட்டத்தைக் கெடுத்ததோ என்பது வினா. பள்ளங்கள் அகலம் குறைந்தில. பகைவர் வேகம் தணிந்திலர். கடிகாரமும் முன்போலவே ஓடுகின்றது. தாவத் தெரியாதவன் எத்துணை உயிர் பெற்றும் பள்ளத்தைத் தாண்டான். நீங்கியது தண்டனையே, அருமை நீங்கவில்லை. தவறிய மாணவனை முதலாம் வகுப்புக்கு அனுப்பாது அதே கணக்கை மீண்டும் செய்வித்தலை இதனோடு ஒப்பிடலாம். பகைவர் தீண்டினும் துன்புறாமை, வானளாவத் தாவுதல் முதலிய பேறுகளைத் தரும் குறிகளோ வேறு. அவை பயில்தற்குரிய பொருளையே அகற்றிவிடுகின்றன. ஆட்டம் வெறுங் காட்சியாகின்றது. இரண்டையும் ஏமாற்று என்னும் ஒரே பெயரால் வழங்குதல் எமக்கு உடன்பாடன்று. மாரியோவை ஆக்கியோரும், ஆட்டம் முடிந்தபின் ஏ பொத்தானை அழுத்தியவாறு தொடங்கின், வீழ்ந்த உலகின் முதற் கட்டத்திலிருந்தே தொடரலாமென வழிவைத்தனர் அன்றோ?

நின்ரென்டோ நிறுவனமோ இவ்வேறுபாட்டைக் கருதிற்றில்லை. ஐக்கிய அமெரிக்காவிற் கேம் ஜீனியை விற்க முனைந்த லூயிஸ் கலூப் ரொய்ஸ் நிறுவனத்தோடு வழக்காடி, 1990 இல் இடைக்காலத் தடை பெற்றது. கருவி தன் ஆக்கத்திலிருந்து வழிநூல் போன்ற புதியதோர் ஆக்கத்தை அனுமதியின்றிப் படைக்கின்றது என்பது அதன் வாதம். 1991 இல் நீதிபதி பேர்ண் சிமித் இதனை மறுத்தார். நூலை வாங்கியவன் சில பக்கங்களைத் தள்ளிப் படித்தலோடு இதனை ஒப்பிட்டார். 1992 இல் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றமும், மாற்றம் எவ்வுருவிலும் நிலைத்து நில்லாமையின் அது தனி ஆக்கமன்று எனத் தீர்த்தது. தடையால் விற்பனை இழந்த கலூப்பிற்கு 15 மில்லியன் டொலர் இழப்பீடு கிடைத்தது. அதனை 1994 இல் அந்நீதிமன்றம் உறுதிப்படுத்திற்று. பின்னர் 2019 இல், தன் பழைய ஆட்டங்களைச் சந்தா வாயிலாக வழங்கிய நின்ரென்டோ, தவறிய இடத்திலிருந்து ஆட்டத்தைப் பின்னோக்கிச் சுழற்றி மீள ஆடும் வசதியைத் தானே அவற்றிற் சேர்த்தது.