வீட்டைக் காட்டு, விசா தருகிறேன்!

செப்டம்பரில் பிரான்சில் வகுப்பு. வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான கேம்பஸ் பிரான்ஸின் நேர்காணல் முடிந்துவிட்டது. கல்லூரி இடம் கொடுத்துவிட்டது. மாதம் 615 யூரோ வீதம் செலவுக்குப் பணம் இருப்பதற்கும் வங்கிச் சான்று தயார். விசா கோப்பில் இன்னும் ஒரு தாள் பாக்கி: அங்கே போய் எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதற்கான சான்று. பணத்தைப் புரட்டிவிட்ட குடும்பங்களும் திணறுவது இந்தத் தாளில்தான்.

பிரான்சில் வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுக்கும் முன் ஜாமீன்தாரரைக் கேட்பார்கள். அவர் வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பாதிப்பவராகவும், பிரான்சிலேயே வசிப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. மதுரையில் வேலை பார்க்கும் அப்பாவின் சம்பளச் சீட்டு அங்கே எடுபடாது. ஜாமீன்தாரர் கிடைக்காதவர்களுக்கு 'விசால்' என்ற இலவச ஜாமீன் திட்டம் இருக்கிறது. 18 முதல் 30 வயது வரையுள்ளவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் என்றால், முதலில் நீண்டகால மாணவர் விசா கையில் இருக்க வேண்டும். ஆக, விசாவுக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு ஜாமீன் வேண்டும். ஜாமீனுக்கு விசா வேண்டும்!

விடுதி கிடைத்தால் யோகம்

இந்தச் சுழலில் சிக்காத வழி, மாணவர் விடுதி. கல்லூரியே அறை ஒதுக்கினால் அந்தக் கடிதம் போதும். அரசின் 'க்ரூஸ்' விடுதிகள் மலிவானவை. வழக்கமான அறை 9 சதுர மீட்டர், அதாவது நூறு சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. ஆனால் பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கே அங்கே முன்னுரிமை. மற்றவர்கள் கோடையில் மிஞ்சும் அறைகளுக்குக் காத்திருக்க வேண்டும். பாரிஸ் சர்வதேசப் பல்கலைக்கழகக் குடியிருப்பில் 1968 முதல் 'இந்திய இல்லம்' இருக்கிறது. அதற்கும் போட்டி அதிகம். எனவே கல்லூரிக் கடிதம் வரட்டும் என்று காத்திராமல், விண்ணப்பிக்கும்போதே விடுதியையும் விசாரித்துவிடுவது நல்லது.

மாமா வீட்டு முகவரி

தமிழ்க் குடும்பங்கள் அடுத்து நினைப்பது உறவினர் வீட்டை. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் வழித்தோன்றல்கள் சார்செல் போன்ற பாரிஸ் புறநகர்களில் வாழ்கிறார்கள். ஈழத்திலிருந்து போன குடும்பங்கள் லா கூர்நெவ் பக்கம் நிறைய உண்டு. தங்க இடம் தருபவர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டையின் நகல், அந்த முகவரிக்கு அண்மையில் வந்த மின்கட்டண ரசீது போன்ற ஒன்று - இவையே கேட்கப்படும்.

கடிதத்தை வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். நகராட்சிக்குப் போய் 30 யூரோ கட்டி வாங்கும் வரவேற்புச் சான்று மூன்று மாதத்துக்கு உட்பட்ட பயணத்துக்கானது. படிக்கப் போகிறவருக்கு அது தேவையில்லை. அழைப்பவர் வாடகை வீட்டில் இருந்தாலும் உறவினரைத் தங்கவைக்கத் தடையில்லை. பணம் வாங்கிக்கொண்டு உள்வாடகைக்கு விடுவதற்குத்தான் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்.

ஆனால் தங்கப் போவதில்லை என்று தெரிந்தே "சும்மா ஒரு கடிதம் கொடுங்க மாமா" என்று கேட்பது வேறு. பொய்ச் சான்று எழுதுபவருக்கு ஓராண்டு சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை விதிக்கப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில் இடமுண்டு. மாட்டிக்கொண்டால் விசா மட்டும் போகாது, மாமாவின் நிம்மதியும் போகும்.

படத்தில் மட்டும் இருக்கும் அறை

உறவும் இல்லை, விடுதியும் இல்லை என்றால் இணையத்தில்தான் அறை தேட வேண்டும். கோப்பு கொடுக்க வேண்டிய கோடையில்தான் நாடே விடுமுறைக்குக் கிளம்பும். செப்டம்பர் நெருங்க நெருங்க அறைத் தட்டுப்பாடும் ஏறும். இந்தப் பதற்றத்தை நம்பியே மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். ஊர் நடுவே அழகான அறை, நம்ப முடியாத வாடகை, "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்" என்ற கதை. ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் முன் ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. சாமான்களோடு விடும் வீட்டுக்குச் சட்டப்படி அதிகபட்ச முன்பணம் இரண்டு மாத வாடகை. 2018-ல் வந்த குறுகியகால வாடகை ஒப்பந்தத்தில், அதாவது ஒன்று முதல் பத்து மாதம் வரையிலான ஒப்பந்தத்தில், முன்பணமே கேட்கக் கூடாது.

சில முகவர்கள் சொல்லும் குறுக்குவழி, ஓட்டலில் அறை பதிந்து, விசா வந்ததும் ரத்து செய்வது. அதைவிட, முதல் சில வாரங்களுக்கு உண்மையாகவே தங்கப் போகும் அறையைக் காட்டிவிட்டு, நேரில் போய் நிரந்தர அறை தேடுவதே மேல். ஆனால் எவ்வளவு காலத்துக்கான சான்றை ஏற்பார்கள் என்பதை விண்ணப்பிக்கும் ஆண்டின் விசா ஆவணப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படியானாலும் உண்மையான முகவரியே நல்லது. ஏனென்றால், முகவரியின் தேவை விசாவோடு முடிவதில்லை. போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த முகவரி கேட்பார்கள். வங்கிக் கணக்குக்கும் அதுவே வேண்டும். தகுதியுள்ளவர்கள் அரசின் வாடகை உதவிக்கு விண்ணப்பிக்க, சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம் தேவை.

மாணவர் தெருவில் நிற்கக் கூடாது என்ற அரசின் அக்கறை நியாயமானதே. ஆனால் இந்த விதி இன்று அளப்பது, அந்த நாட்டில் நமக்கு ஆள் இருக்கிறதா என்பதைத்தான். ஒரு சின்ன மாற்றம் போதும்: கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தை வைத்தே 'விசால்' ஜாமீனைத் தற்காலிகமாகக் கொடுக்கலாம், விசா மறுக்கப்பட்டால் அது தானாகவே காலாவதியாகட்டும். அரசுக்கு இதில் நஷ்டம் இல்லை. சார்செல்லில் மாமா இல்லாத பிள்ளைக்கும் அப்போது வழி பிறக்கும்.