ஓ.கே.ன்னா சரியா, சார்?

பி.காம். முடித்த கையோடு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். வவுச்சரைப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பென்சிலால் 'ஓ.கே.' போட வேண்டும். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு மயக்கத்தில், 4,860 ரூபாய் பில்லுக்கு 8,460 கொடுத்திருந்த வவுச்சருக்கும் தாராளமாக ஓ.கே. போட்டுவிட்டேன்.

"யாருய்யா இது?" என்றார் சீனியர்.

"நான்தான் சார்."

"ஓ.கே.ன்னா என்ன அர்த்தம்?"

"சரின்னு அர்த்தம் சார்."

"அப்ப இது சரியா?"

வித்தியாசம் 3,600 ரூபாய். என் நாலு மாசச் சம்பளம்!

பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் அந்த இரண்டெழுத்தின் வண்டவாளம் தெரிந்தது. ஓ.கே. என்பது 'ஆல் கரெக்ட்' என்பதன் சுருக்கம். அதெப்படி? ஆலுக்கு 'ஏ', கரெக்ட்டுக்கு 'ஸி' அல்லவா வரவேண்டும்? வேண்டுமென்றே ஸ்பெல்லிங்கைக் கொலை செய்து 'ஓல் கொரெக்ட்' ஆக்கியிருக்கிறார்கள்! 1830களின் கடைசியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கிறுக்கு பிடித்திருந்தது. 'ஆல் ரைட்' அவர்களிடம் 'ஓ.டபிள்யூ.' ஆனது. 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' ஓ.கே.யை அச்சேற்றியது.

மற்ற சுருக்கங்கள் செத்துப்போயின. இதைப் பிழைக்க வைத்தது தேர்தல். 1840-ல் அமெரிக்க ஜனாதிபதி மார்ட்டின் வான் ப்யூரன் மறுபடி நின்றார். சொந்த ஊர் கிண்டர்ஹுக். தொண்டர்கள் 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று செல்லப்பெயர் சூட்டி, ஓ.கே. கிளப்புகள் ஆரம்பித்தார்கள். (தலைவருக்கு ஊர்ப் பெயரை ஒட்டுவதில் நமக்குக் காப்பிரைட் இல்லை!) எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? 'முன்னாள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸனுக்கு ஸ்பெல்லிங் தெரியாது. ஃபைலில் அவர் தப்பாக எழுதியதுதான் ஓ.கே.' என்று கிளப்பிவிட்டார்கள். சுத்தப் புளுகு. வான் ப்யூரன் தோற்றார், ஓ.கே. ஜெயித்தது. 1960களில் இந்தப் பூர்விகத்தையெல்லாம் பழைய பேப்பர்களிலிருந்து தோண்டியெடுத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட்.

நம்மிடம் வந்த ஓ.கே. இன்னும் கில்லாடி. "பொண்ணு வீட்ல ஓ.கே. சொல்லிட்டாங்க" என்றால் சம்மதம். "படம் எப்படி?" "ம்... ஓ.கே." என்றால் டிக்கெட் காசு அம்பேல். சம்பள உயர்வு கேட்டு, முதலாளி "ஓ.கே., ஓ.கே." என்று இரண்டு தடவை சொன்னால் நடையைக் கட்டலாம்.

கூடுதலாக வாங்கிய கடைக்காரர் அந்த 3,600-ஐத் திருப்பித் தரும்வரை எனக்குத் தூக்கமே இல்லை. அதற்கப்புறம் வவுச்சரில் 'சரி' என்று தமிழில்தான் எழுதினேன், இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு.

சீனியர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஓ.கே." என்றார்.