கணிதப் பகுதியில் நழுவிய மதிப்பெண்

ஐ.ஐ.எம். எனச் சுருக்கமாக வழங்கப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்கள், முதுநிலை வகுப்புகளுக்கு மாணவரைத் தெரிந்தெடுக்க ஆண்டுதோறும் நவம்பரில் நடத்தும் கேட் தேர்வு, மொழித்திறன், தரவு விளக்கமும் தருக்கமும், கணிதத்திறன் என்னும் மூன்று பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடங்களே உண்டு, ஒன்றில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றில் செலவிட இயலாது. முடிவில் தரப்படும் பெர்சன்டைல், அதாவது நூற்றுமானம், தேர்வெழுதியோரில் எத்தனை விழுக்காட்டினர் ஒருவருக்குப் பின்தங்கியுள்ளனர் என்பதைக் காட்டும் அளவு. மொத்தத்தோடு பகுதிவாரியாகவும் குறைந்தபட்ச எல்லை பொதுவாக வகுக்கப்படுவதால், கணிதத்தில் சறுக்கியவரை மொழிப்பகுதி முழுமையாகத் தாங்குவதில்லை.

பொறியியல் பட்டதாரிகளும் கணிதப் பகுதியில் தடுமாறுவதற்கு முதற்காரணம், தேர்வு கேட்பது கல்லூரிக் கணிதம் அன்று என்பதே. நுண்கணிதம் இதில் இடம்பெறுவதில்லை. விழுக்காடு, விகிதம், வேகம், வட்டி, சமன்பாடு, வடிவியல் ஆகிய பள்ளிப் பாடங்களே எதிர்பாராத கோணத்தில் வினாவாகின்றன. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சங்ககிரியிலிருந்து சரக்கேற்றிய வண்டி ஒன்று 120 கிலோமீட்டரை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து, வெறும் வண்டியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புமாயின், சராசரி வேகம் 50 என்றே மனம் சொல்லும். போக 3 மணி, வர 2 மணி என 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம் ஆவதால், உண்மையான சராசரி 48 மட்டுமே. அவ்வாறே 5 ரூபாய்க்கு விற்ற நாமக்கல் முட்டை 20 விழுக்காடு ஏறிப் பின் 20 விழுக்காடு இறங்கினால், விலை பழைய நிலைக்கு வராமல் 4 ரூபாய் 80 காசாக நிற்கும். இறக்கம் கணக்கிடப்படுவது ஏறிய விலையின் மீது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் தவறுவதும், காரணத்தை உணர்ந்தவர் தப்புவதும் இத்தகைய இடங்களில்தான்.

இரண்டாம் காரணம் வினாத் தேர்வு. 2024ஆம் ஆண்டுத் தாளில் கணிதப் பகுதிக்கு 22 வினாக்கள் இருந்தன. அனைத்தையும் தொட முனைந்தால் ஒன்றுக்கு 109 நொடிகளே கிடைக்கும், 12 வினாக்களைத் தெரிந்தெடுத்தால் 200 நொடிகள் கிடைக்கும். சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவில் தவறினால் 1 மதிப்பெண் கழிக்கப்படும். விடையைத் தட்டச்சிடும் வினாக்களுக்குக் கழிவு இல்லை. கழிவுள்ள தெரிவு வினாக்களில் 16ஐ எழுதி 8 சரி, 8 தவறு எனப் பெறுபவருக்கு 16 மதிப்பெண்ணும், 10 மட்டும் எழுதி 8 சரி, 2 தவறு எனப் பெறுபவருக்கு 22 மதிப்பெண்ணும் சேரும். இருவரின் அறிவும் ஒன்றே. விடுத்த ஆறு வினாக்களே வேறுபாடு. கண்ணை மூடிக் குறிக்கும் விடை நீண்ட ஓட்டத்தில் சுழியத்தையே தரும் என்பதும், ஒரு விடையையேனும் காரணத்தோடு விலக்க முடிந்தால் ஊகம் இலாபமாகும் என்பதும் நிகழ்தகவு காட்டும் உண்மைகள்.

ஆகவே மறுமுயற்சி புதிய நூல்களை வாங்குவதில் தொடங்குவதன்று. லாரி உரிமையாளர் ஒவ்வொரு நடைக்கும் டீசல், சுங்கம், ஓட்டுநர் படி எனப் பிரித்தெழுதிப் பணம் எங்கே ஒழுகுகிறது என்று காண்பதுபோல, மாதிரித் தேர்வு ஒவ்வொன்றிலும் இழந்த மதிப்பெண்ணை, கருத்துத் தெரியாமை, கணக்கீட்டுப் பிழை, தவறான வினாவில் நேரத்தை இழத்தல் என மூன்றாகப் பிரித்தெழுத வேண்டும். முதலாவதற்கு மருந்து பள்ளிப் பாடநூல். இரண்டாவதற்கு நாள்தோறும் எழுதிப் பழகுதல். மூன்றாவதற்கு, முதல் வாசிப்பிலேயே வழி புலப்படாத வினாவை மனத்தாங்கலின்றிக் கடந்துபோகும் பயிற்சி. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வின் எம்.பி.ஏ. தாளிலும் இதே அடிப்படைக் கணிதம் கேட்கப்படுவதால், இவ்வுழைப்பு ஒரே தேர்வோடு முடிந்துவிடுவதில்லை.