ஒரு பட்டன் தட்டினால் 10 ஆயிரம் பாட்டும் அம்பேல்! பழைய ஐபாடில் உள்ள பாட்டை மீட்பது எப்படி?

மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். பழைய செல்போன் சார்ஜர், தீர்ந்துபோன பேட்டரி, அறுந்த வாட்ச் பட்டை... இவற்றுக்கு அடியில் சிகரெட் பெட்டி அளவில் ஒரு ஐபாட் கிடக்கிறதா?

கிடந்தால், இந்தச் செய்தி உங்களுக்குத்தான்.

உள்ளே 10 ஆயிரம் பாட்டு இருக்கலாம். அவை இப்போது வேறு எங்கேயும் இல்லாமலும் இருக்கலாம். பாட்டை ஏற்றிய கம்ப்யூட்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். சி.டி.க்களில் கீறல். கேசட்டுகளில் பூஞ்சணம். மிச்சம் இருப்பது டிராயரில் கிடக்கும் அந்தப் பெட்டி ஒன்றுதான்.

"அவ்வளவுதானே? வயரைச் செருகி போனுக்கு மாத்திட்டா போச்சு!" என்பீர்கள்.

அங்கேதான் ஆபத்து.

100 நாள் பாடும்

ஐபாட் பிறந்தது 2001 அக்டோபர் 23-ந் தேதி. ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அமெரிக்காவில் அறிமுகம் செய்தார். 5 ஜி.பி. இடம். 1,000 பாட்டு கொள்ளும். விலை 399 டாலர். 2007-ல் "கிளாசிக்" என்ற பெயரில் 160 ஜி.பி. மாடல் வந்தது. 40 ஆயிரம் பாட்டு கொள்ளும் என்றார்கள். பாட்டுக்கு 4 நிமிஷம் என்று வைத்தால், ராத்திரி பகலாகப் பாடினாலும் 100 நாளுக்கு மேல் ஆகும்!

நம் ஊரில் பலருக்கு அது வெளிநாட்டு மாமாவின் பெட்டியில் வந்தது. வீட்டு கேசட், சி.டி. எல்லாவற்றையும் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஏற்றினார்கள்.

கிளாசிக் மாடலை 2014 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2022 மே மாதம் ஐபாட் வரிசைக்கே மூடுவிழா நடந்தது.

கிளாசிக்கின் உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். கீழே விழுந்தால் போச்சு. விழாவிட்டாலும் வயசாகி ஒரு நாள் நிற்கும். "டக், டக்" என்று சத்தம் வந்தால் அது முடியப்போகிறது என்று அர்த்தம்.

போகும், வராது!

ஐபாடுக்குப் பாட்டு ஏற்றும் புரோகிராமின் பெயர் ஐட்யூன்ஸ். அது ஒரு வழிப் பாதை. கம்ப்யூட்டரில் இருந்து ஐபாடுக்குப் பாட்டு போகும். திரும்பி வராது. ஐட்யூன்ஸ் கடையில் வாங்கிய பாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு.

திருட்டுப் பயம்தான் காரணம். முதல் ஐபாட்களை "பாட்டைத் திருடாதீர்கள்" என்று உறையில் அச்சடித்தே விற்றார்கள். சொந்தக் காசில் சி.டி. வாங்கி ஏற்றியவருக்கும் அதே பூட்டுதான். என்ன நியாயமோ!

புதுக் கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸ் போட்டு ஐபாடைச் செருகுகிறீர்கள். திரையில் கேள்வி வருகிறது. "இது வேறொரு கம்ப்யூட்டரோடு சேர்ந்தது. உள்ளதை அழித்துவிட்டு இங்கே உள்ளதை ஏற்றட்டுமா?" என்பது அதன் பொருள். "எரேஸ் அண்ட் சிங்க்" என்று ஒரு பட்டன் இருக்கும். அவசரத்தில் அதைத் தட்டினால், புதுக் கம்ப்யூட்டரிலோ ஒரு பாட்டும் கிடையாது. ஐபாடும் காலி!

பாட்டு ஒளிந்திருக்கும் இடம்

ஐட்யூன்ஸ் இல்லாத கம்ப்யூட்டரே இந்த வேலைக்கு நல்லது. ஐபாடில் "மெனு" பட்டனையும் நடு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடியுங்கள். ஆப்பிள் படம் வந்ததும், நடு பட்டனையும் "பிளே" பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். "டிஸ்க் மோட்" என்று திரையில் வரும். இப்போது வயரைச் செருகினால், ஐபாட் ஒரு பென் டிரைவ் போலத் தெரியும்.

திறந்து பார்த்தால் பாட்டு எதுவும் கண்ணில் படாது. பயப்படாதீர்கள். ஒளித்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் "ஹிட்டன் ஐட்டம்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். "ஐபாட் கண்ட்ரோல்" என்ற போல்டர் வெளியே வரும். அதற்குள் "மியூசிக்". அதற்குள் எஃப் 00, எஃப் 01 என்று வரிசையாகப் போல்டர்கள். பாட்டெல்லாம் அங்கேதான்.

"மியூசிக்" போல்டரை மட்டும் எடுக்காதீர்கள். ஐபாட் கண்ட்ரோல் முழுவதையும் காப்பி செய்யுங்கள். உங்கள் பாட்டுப் பட்டியல்கள் அதில் வேறொரு பைலில் இருக்கின்றன. அதைப் படித்து, பட்டியலோடு பாட்டை எடுத்துத் தரும் தனி புரோகிராம்களும் உண்டு.

இன்னொரு கண்ணி! ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் தயார் செய்த ஐபாடாக இருந்தால் விண்டோஸுக்குப் புரியாது. "பார்மட் செய்யவா?" என்று கேட்கும். கூடவே கூடாது! வயரைப் பிடுங்கிவிட்டு, மேக் வைத்திருக்கும் நண்பரைத் தேடிப் போங்கள்.

கடையில் கொடுத்தாலும் இதே எச்சரிக்கைதான்.

"அண்ணே, பாட்டை மட்டும் எடுத்துக் குடுங்க."

"பார்மட் பண்ணாத்தான் சார் வரும்."

இப்படிப் பதில் வந்தால், ஐபாடைக் கையில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

பேர் எங்கே போச்சு?

காப்பி ஆனதும் அடுத்த அதிர்ச்சி. பைல்களின் பேரெல்லாம் அர்த்தமில்லாத நாலு எழுத்து. எது எந்தப் பாட்டு?

எம்.பி.3 பாட்டு என்றால் கவலை இல்லை. பாட்டின் பேரும் பாடகர் பேரும் பைலுக்குள்ளேயே இருக்கும். இப்போது ஐட்யூன்ஸைத் தாராளமாகத் திறக்கலாம். ஆனால் ஐபாடைக் கழற்றி வைத்துவிட்டுத் திறங்கள்! அதன் செட்டிங்கில் பைல்களை அடுக்கி வைக்கும்படி டிக் செய்து, காப்பி எடுத்த போல்டரை உள்ளே இழுத்துப் போட்டால், பாடகர் வாரியாக, ஆல்பம் வாரியாக அதுவே பிரித்து வைக்கும்.

சிக்கல் "வேவ்" பைல்களில்தான். தாத்தா பாடியது, கோவில் கச்சேரி, கல்யாண வீட்டு நாதஸ்வரம் என்று கேசட்டில் இருந்ததைச் சிலர் இந்த வகையில் ஏற்றியிருப்பார்கள். இதற்கு நீங்கள் டைப் செய்த பேர் பைலுக்குள் போகாது. ஐபாடின் பட்டியலில் மட்டும்தான் இருக்கும். அதனால் இவற்றை முதலில் ஐபாடிலேயே ஓட்டி, பேரையும் எத்தனை நிமிஷம் எத்தனை செகண்டு என்பதையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செகண்டை வைத்து எது எதுவென்று கண்டுபிடித்துவிடலாம். கடையில் கிடைக்கும் சினிமாப் பாட்டு போனால் மறுபடி வாங்கலாம். தாத்தா குரலை எங்கே போய் வாங்குவது?

அமெரிக்காவில் உள்ள சொந்தக்காரர்கள் 2009-க்கு முன்பு ஐட்யூன்ஸ் கடையில் வாங்கிக் கொடுத்த பாட்டில் பூட்டு இருக்கலாம். வாங்கியவர் கணக்கில் நுழைந்தால்தான் அது பாடும். 2009-ல் பூட்டை எடுத்துவிட்டார்கள். அந்தக் கடை இந்தியாவுக்கு வந்ததே 2012 டிசம்பரில்தான். அதனால் இங்கே வாங்கிய பாட்டுக்குத் தொல்லை இல்லை.

10 ஆயிரம் பாட்டு என்றால் சுமார் 40 ஜி.பி. இருக்கும். இன்றைய போனில் தாராளமாக அடங்கும். ஆனால் போனை நம்பி விடாமல் தனி ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் போட்டு வையுங்கள். ஐபாடின் முதுகு உப்பியிருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். சார்ஜ் போடாமல் ரிப்பேர்காரரிடம் காட்டி, முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

ஐபாடின் "செட்டிங்ஸ்" பகுதியில் "அபவுட்" என்று இருக்கும். மொத்தம் எத்தனை பாட்டு என்று அது சொல்லும். காப்பி ஆன பைல்களை எண்ணி அதோடு ஒப்பிடுங்கள். சினிமாப் படம் ஏற்றியிருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 1 குறைந்தாலும் மறுபடி காப்பி போடுங்கள். கணக்கு ஒத்துப்போகும் வரை ஐபாடைப் பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்!