நாற்பத்திரண்டாம் திருத்தமும் சிவகாசிச் சிறுவரும்

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் ஊழியம் செய்யும் ஆயருக்கு அரசியலமைப்புத் திருத்தம் டில்லியின் விவகாரமாகத் தோன்றலாம். ஆயினும் பாராளுமன்றத்தின் அதிகாரத்திற்கு எல்லை உண்டோ என்னும் வினா, அப்பகுதியின் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் உழைத்த சிறுவரையும் தொட்டதாகும்.

1973ஆம் ஆண்டு கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 7க்கு 6 என்னும் பெரும்பான்மையால், பாராளுமன்றம் அரசியலமைப்பின் எப்பகுதியையும் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழித்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. நெருக்கடி நிலையின்போது, எதிர்க்கட்சியினர் பலர் சிறையிலிருக்க, 1976இல் நிறைவேறிய 42ஆம் திருத்தம் இதற்கு அளிக்கப்பட்ட மறுமொழி எனலாம். எத்திருத்தத்தையும் எந்த நீதிமன்றத்திலும் வினவலாகாது என்றது அது. மத்தியச் சட்டமொன்றைச் செல்லாததெனக் கூற, குறைந்தது 7 நீதிபதிகள் அமர்ந்து மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும் என்றது. மக்களவையின் ஆயுள் 6 ஆண்டுகளாயிற்று. கல்வியும் காடுகளும் மாநிலப் பட்டியலினின்று பொதுப் பட்டியலுக்குச் சென்றன.

சமூக நீதிக்கு நீதிமன்றங்கள் தடையாயின என்பதே ஆதரவாளர் வாதம். அது முற்றிலும் பொய்யன்று. வங்கிகளை நாட்டுடைமையாக்கிய சட்டத்தை 1970இல் நீதிமன்றம் தள்ளியது அனைவரும் அறிந்ததே. மேலும், குழந்தைகள் சுதந்திரத்துடனும் மதிப்புடனும் நலமாய் வளர வேண்டும் என 39ஆம் விதியில் எழுதியதும் இத்திருத்தமேயாகும். வாக்குறுதி நல்லது. ஆனால் அரசுக்கு வழிகாட்டும் நெறிகளுள் அடங்கிய இதனை வழக்காடிப் பெற இயலாது.

1977, 1978ஆம் ஆண்டுகளின் 43, 44ஆம் திருத்தங்கள் பலவற்றைத் திருப்பின. திருத்தங்களை வினவலாகாது என்ற விதியோ 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில்தான் வீழ்ந்தது. வரம்புடைய அதிகாரத்தைப் பெற்றவர், அதனைக் கொண்டே வரம்பற்ற அதிகாரத்தைத் தமக்கு ஆக்கிக்கொள்ள முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பதினான்கு வயதிற்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது என 24ஆம் விதி 1950 முதலே கூறுகிறது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்தது. சட்டமியற்றும் மன்றம் தன் பணியைச் செய்தது, நிர்வாகமே தயங்கியது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, அந்த 24ஆம் விதியையும் 1976இல் எழுதப்பட்ட அவ்வாக்குறுதியையும் சேர்த்துப் படித்து, சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த ஆணையிட்டது. நீதிபதிகளின் கையைக் கட்ட முனைந்த திருத்தமே அவர்கள் கைக்கு ஒரு கருவியையும் தந்திருந்தது. எனினும் அப்பணம் செலுத்தப்படுகிறதா எனப் பார்க்க வேண்டியவர், முன்னர்த் தயங்கிய அதே நிர்வாகத்தின் ஆய்வாளரே.