தென்கி: பல்பா, குடையா?

மாமாவின் நோட்டில் 'தென்கி' என்ற சொல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்றுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பல்பு வரைந்திருக்கிறார். இன்னொன்றுக்குப் பக்கத்தில் ஒரு குடை. ஜப்பானியத்தில் மின்சாரமும் வானிலையும் காதுக்கு வேறு வேறு சொற்கள். 'தந்தை' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் 'த' மாதிரி ஆரம்பித்தால் வானிலை, பின்னால் வரும் 'தை'யின் ஒலியில் ஆரம்பித்தால் மின்சாரம். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'த'தான். மாமா அதற்குப் பல்பும் குடையும் போட்டுச் சமாளித்திருக்கிறார்.

அந்த நோட்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது. வரும் நவம்பரில் நானும் அம்மாவும் பத்து நாள் ஜப்பான் போகிறோம். மாமா போனது 1986-ல். அவருக்கு அப்புறம் எங்கள் குடும்பத்தில் அந்தப் பக்கம் போவது நாங்கள்தான். "உன் போன்லயே எல்லாம் இருக்குமேம்மா, இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒருமுறை முழுதாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

மர்பி டவுனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெங்களூரில் அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பேட்டை. நாக்ஸ்பேட்டை என்பது பழைய பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் கன்டோன்மென்ட்டின் ஏழை ஜனங்களுக்கென்று திட்டம் போட்டுக் கட்டிய குடியிருப்பு இது. கட்டிய என்ஜினீயர் மர்பியின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், கறிக்கடையில் தக்னி உருது, பக்கத்து வீட்டில் தெலுங்கு. யாரும் எந்த மொழிக்கும் இலக்கணப் புத்தகம் வாங்கியதில்லை. ஏழாவதோடு படிப்பை நிறுத்திய அம்மா நாலு மொழியிலும் பேரம் பேசுவாள். இது பின்னால் தேவைப்படும்.

எங்கள் ஊருக்கு ஜப்பான் முதலில் கைக்கடிகாரமாக வந்தது. 1961-ல் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டு வைத்துத்தான் பெங்களூரில் தொடங்கியது. அப்புறம் சினிமாவாக வந்தது. எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973-ல் வெளியானபோது, 1970 ஒசாகா கண்காட்சியைக் கொட்டகையில் உட்கார்ந்தே பார்த்தவர்கள் எங்கள் பெரியவர்கள். இந்தியில் 'லவ் இன் டோக்கியோ' வந்து 'சயோனாரா'வை ஆளாளுக்குச் சொல்ல வைத்தது. மாமா கிளம்பும்போது அவருக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல் அதுதான். அன்றாடப் பேச்சில் அங்கே யாரும் அதை அதிகம் சொல்வதில்லை என்பது போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அவர் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். எந்தத் தொழிற்சாலை என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். பயிற்சிக்குப் போக ஆர்டர் வந்தது. விசாவைத் தொழிற்சாலையே பார்த்துக்கொண்டது. ஃபெரா சட்டக் காலம் என்பதால் வெளிநாட்டுப் பணம் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். டிராவலர்ஸ் செக்கைப் பனியனுக்குள் பை தைத்து வைத்துக்கொண்டாராம். "அங்க எங்க போனாலும் செருப்பைக் கழட்டணும், ஓட்டை சாக்ஸ் போட்டுகினு போனா மானம் போயிடும்" என்று யாரோ சொல்ல, கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஆறு ஜோடி சாக்ஸ் வாங்கினார். ரயிலில் பம்பாய், அங்கிருந்து ஏர் இந்தியா. சட்டைப் பையில் ஒரு அட்டை. தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பான்கார என்ஜினீயர் தன் கையால் எழுதிக் கொடுத்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று மாமாவுக்கு அப்போது தெரியாது. மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகு படித்துப் பார்த்தாராம்: 'இவர் வழி தவறிவிட்டார். தயவுசெய்து இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.'

அந்த அட்டையும் நோட்டில் ஒட்டியிருக்கிறது. ஓரம் பழுத்துப்போய்.

யோகோஹாமாவில் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கான மையத்தில் முதல் ஆறு வாரம் மொழி. ஏ.ஓ.டி.எஸ். என்ற அமைப்பு நடத்தியது. 1959-ல் தொடங்கிய அமைப்பு. இன்றைக்குச் சென்னையில் ஜப்பானியம் சொல்லித்தரும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், அங்கே படித்துத் திரும்பியவர்களின் சங்கம்தான். அந்த ஆறு வாரம் முடிவதற்குள் சாப்பிட வேண்டுமே! அங்கே ஹோட்டல் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதார்த்தங்களை மெழுகிலும் பிளாஸ்டிக்கிலும் அச்சு அசலாகச் செய்து வைத்திருப்பார்கள். மாமா உள்ளே போய், பரிமாறுபவரைக் கையோடு வாசலுக்குக் கூட்டி வந்து, கண்ணாடியைத் தொட்டு, "கொரெ" என்பாராம். 'இது' என்று அர்த்தம். இப்படியே ஒரு மாதம் சாப்பிட்டிருக்கிறார். வீட்டுக்கு எழுதிய முதல் ஏரோகிராமில் 'இங்கே சாப்பாடு பார்க்க நன்றாக இருக்கிறது' என்ற ஒரு வரி இருக்கிறது. பாட்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அழுதாளாம்.

என் ஏற்பாடு வேறு மாதிரி. 2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்குச் சுற்றுலா இ-விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்டுவதில்லை. விமான நிலையத்தில் போனைத் திறந்து, இன்டர்நெட் ஓடும்போதே விசா அறிவிப்பைக் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது, பிரின்ட்டும் செல்லாது. காகிதத்தில் ஐந்து நகல் எடுத்துக் கைப்பையில் வைக்கும் பரம்பரையில் வந்த எனக்கு இது வயிற்றைக் கலக்குகிறது. விண்ணப்பத்தோடு என்றைக்கு எங்கே இருப்போம் என்று நாள்வாரியாக ஒரு அட்டவணையும் கேட்கிறார்கள். "வியாழக்கிழமை நான் இன்னா செய்வேன்னு எனக்கே தெரியாது, அவனுக்கு எதுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

2024-ல் ஜப்பானுக்குப் போன இந்தியர்கள் சுமார் 2 லட்சத்து 33 ஆயிரம் பேர். யென் விழுந்துவிட்டது, ஜப்பான் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். டாலர் வைத்திருப்பவனுக்கு மலிவு. மாமா போன வருஷம் ஒரு யென் ஏழெட்டு காசு, இன்றைக்கு ஐம்பது காசுக்கு மேலே. யென் சறுக்கியது நிஜம்தான், ஆனால் ரூபாய் இந்த நாற்பது வருஷத்தில் அதைவிட வேகமாகச் சறுக்கியிருக்கிறது. இன்னொரு கணக்கும் போட்டேன். 'ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கிடு' என்று முன்பு போய்வந்தவர்கள் சொல்வார்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் புல்லட் ரயிலில் ஒருமுறை போய்வர மட்டும் என்றால் தனித்தனி டிக்கெட்தான் லாபம். பழைய யோசனைகளில் இப்படி எத்தனையோ காலாவதியாகிவிட்டன. சாக்ஸ் யோசனை மட்டும் இன்னும் செல்லும்.

ஆக, ரூம், ரயில், மேப், பெங்களூரிலிருந்து நரிதாவுக்கு நேரடி விமானம், எல்லாம் போனில் முடிந்தது. கடைப் பலகையின் மேல் கேமராவைப் பிடித்தால் எழுத்து கண்ணெதிரே உருமாறுகிறது. மாமாவிடம் காட்டினேன். தன் ஊறுகாய் டப்பா மூடியில் இருக்கும் பழைய ஜப்பானிய எழுத்தின் மேல் பிடித்துப் பார்த்து, நாற்பது வருஷம் கழித்து அது ஒரு பிஸ்கட் கம்பெனியின் டப்பா என்று தெரிந்துகொண்டார்.

பிரச்சினை அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா கறி, மீன் எல்லாம் சாப்பிடுவாள், வெள்ளிக்கிழமை மட்டும் தொடமாட்டாள். எங்கள் பத்து நாளில் இரண்டு வெள்ளிக்கிழமை வருகிறது. ஜப்பானில் காய்கறி சூப்பில்கூட அடியில் மீன் சாறு இருக்கும், 'தாஷி' என்பார்கள். மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து அம்மாவிடம் நீட்டினேன். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, கவுச்சி வேணாம்" என்றாள். அது ஜப்பானியத்தில் ஏதோ சொன்னது. திருப்பித் தமிழில் கேட்டேன். 'இன்று வெள்ளிக்கிழமை. கொச்சி தேவையில்லை.' ஜப்பானிலும் கோச்சி என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே போய் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் மூன்று மாதமாக ஒரு செயலியில் ஜப்பானியம் படித்துக்கொண்டிருந்தேன், ஆங்கிலம் வழியாக. 'வினை கடைசியில் வரும், இது வினோதம்' என்று அது எச்சரிக்கும். முன்னால் வர வேண்டிய சொல் பின்னால் ஒட்டும் என்று படம் போட்டு விளக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் கலைத்து, மறுபடி அடுக்கி, தடுமாறிக்கொண்டிருந்தேன். மாமா அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "கரான்னா இருந்து. மதென்னா வரைக்கும். நாம பேசற மாதிரியே பின்னால ஒட்டு." அடுத்த நிமிஷம் அம்மா, "அல்சூர் கரா, மெஜஸ்டிக் மதெ" என்றாள். எனக்கு அதற்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

அப்புறம் மாமா ஒரு வித்தை காட்டினார். 'தபெதெ' என்றால் சாப்பிட்டு. 'மிரு' என்றால் பார். தபெதெ மிரு: சாப்பிட்டுப் பார். ஆங்கிலக்காரன் இதற்கு 'முயற்சி' என்ற சொல்லைத் தேடிக்கொண்டு போக வேண்டும், நமக்கு வாயில் இருப்பதை மாற்றினால் போதும். 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. ஒகு என்பது வைப்பதேதான். இரட்டைக்கிளவியும் உண்டு: நமக்குப் பளபள, அவர்களுக்கு கிரகிர. பஸ்ஸை நாம் பஸ்ஸு என்கிறோம், அவர்கள் பசு என்கிறார்கள், ப-வைக் கொஞ்சம் கனமாக. ஆங்கிலச் சொல்லின் முடிவில் ஒரு உகரம் போடாமல் இரண்டு பேருக்கும் வாய் மூடாது. மாமாவுக்கு ஒஜிசான், தாத்தாவுக்கு ஒஜீசான். குறில் நெடில் பழகிய காதுக்கு இதில் என்ன கஷ்டம்? ரோமன் எழுத்தில் படிப்பவர்கள்தான் மாமாவைத் தாத்தா ஆக்குகிறார்கள்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, தமிழிலிருந்துதான் ஜப்பானியம் பிறந்தது என்பார். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல வருஷம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. கன்னடத்திலும் 'திந்து நோடு' என்றுதான் சொல்கிறோம், கொரியனும் துருக்கியும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. உறவோ இல்லையோ, அமைப்பு ஒத்துப்போகிறது, அது பிரயாணிக்குப் போதும். மாமா தொட்டுக் காட்டிய 'கொரெ'யையே எடுங்கள். என் பக்கத்தில் இருப்பது கொரெ, உங்கள் பக்கத்தில் இருப்பது சொரெ, தூரத்தில் இருப்பது அரெ. நமக்கும் இது, உது, அது என்று மூன்று இருந்தது. உது எங்களிடம் தொலைந்துபோய்விட்டது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்னும் புழங்குகிறார்கள், அவர்களுக்கு இந்தப் பாடமே தேவையில்லை.

எங்கள் தெருவிலேயே இப்போது இரண்டு பையன்கள் ஜப்பானிய மொழியின் என்4 தேர்வுக்குப் படிக்கிறார்கள், அங்கே வேலைக்குப் போக. அவர்களும் ஆங்கிலம் வழியாகத்தான் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இன்றைக்கு வகுப்பு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, போன் இருக்கிறது. மாமாவின் நோட்டில் இருக்கும் அந்தக் குறுக்கு வழி மட்டும் இல்லை.

படிப்பதற்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது. அன்றாடப் பயனுக்கு என்று அரசு வகுத்திருக்கும் கஞ்சி எழுத்துகளே 2,136. (ஆமாம், கஞ்சி என்றுதான் எழுத வருகிறது. அம்மா ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறாள்.) அதைப் போனிடம் விட்டுவிட்டேன். கதகனா எழுத்து 46 மட்டும் படித்தேன். காபி, டாய்லெட், ஹோட்டல், டாக்சி எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். எழுத்துக்கூட்டிப் படித்தால் ஆங்கிலச் சொல் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும்.

மூட்டை கட்டுவதில் ஒரு துக்கம். மாமா அன்றைக்குப் பாட்டி போட்ட உப்புக்கண்டத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார். இன்றைக்கு இறைச்சி எந்த வடிவிலும் உள்ளே போக முடியாது, சான்றிதழ் இல்லாமல் பச்சைக் கறிவேப்பிலைகூட முடியாது. சில ஜலதோஷ மாத்திரைகளுக்கும் தடை உண்டு, சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால். பருப்புப் பொடியும் மாங்காய் ஊறுகாயும் எடுத்து வைத்திருக்கிறோம்.

அம்மா நகைக்கடை டயரி ஒன்றை எடுத்து, மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் வாக்கியங்களை எழுதிக்கொண்டாள். மொத்தம் பன்னிரண்டு. முதல் பக்கத்தில் 'சுமிமாசென்', மன்னிக்கவும் என்பதற்கும் கொஞ்சம் கேளுங்கள் என்பதற்கும் ஒரே சொல். இரண்டாவது பக்கம் முழுக்க வெள்ளிக்கிழமை: க்யோ வா நிக்குவும் சகானாவும் தபெமாசென். அந்த 'உம்' ஜப்பானியம் இல்லை, அங்கே 'மொ' வர வேண்டும் என்று மாமா அடித்துத் திருத்தியிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை காய் வாங்க மார்க்கெட்டுக்குக் கூடவே போனேன். கறிக்கடைக்காரர் வழக்கம்போல, "இன்னாம்மா, நல்ல கறி வந்திருக்கு" என்றார். அம்மா நின்று, டயரியைத் திறக்காமல், "க்யோ வா நிக்கு தபெமாசென்" என்றாள்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரி, நாளைக்கு வாம்மா."