பந்தியில் புகுந்த பயம்

ஆடம்பர உணவகத்தைக் களமாக்கி, ஒரே காட்சியில் சிரிக்கவும் நடுங்கவும் வைக்கும் படங்கள் உலக சினிமாவில் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. இவற்றில் பேயும் இல்லை, பாழடைந்த பங்களாவும் இல்லை. வெள்ளைத் துணி விரித்த மேசை, மெல்லிய இசை, கை கட்டி நிற்கும் பரிமாறுநர்கள், நடுவில் ஒரு செஃப். பயம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. கேலிக்கு ஆளாகிறவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும் பணக்காரர்கள். பசியே இல்லாமல் சாப்பிட வந்தவர்கள், விலையை வைத்து ருசியை அளப்பவர்கள், தட்டுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைத் திரும்பிப் பார்க்காதவர்கள். இந்த வகையை உலகெங்கும் பொது ரசிகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது 2022 நவம்பரில் வெளிவந்த 'தி மெனு' என்ற ஆங்கிலப் படம்.

ஃபைன் டைனிங் என்ற உலகம்

கேலி புரிய வேண்டுமானால் கேலி செய்யப்படும் உலகம் புரிய வேண்டும். ஃபைன் டைனிங் உணவகங்கள் பலவற்றில் 'இன்றைக்கு என்ன இருக்கு?' என்று கேட்க வழியில்லை. பத்து முதல் இருபது வரையிலான சிறு சிறு பதார்த்தங்களைச் செஃப் தாமே வரிசைப்படுத்தி வைத்திருப்பார். ஆளுக்கு இவ்வளவு என்று மொத்த விலை. ஒவ்வொரு தட்டு வரும்போதும் அது எங்கே விளைந்தது, எப்படிப் பக்குவமானது என்று ஒரு விளக்கவுரையும் கூடவே வரும். இடம் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய உணவகங்களும் உண்டு.

சமையல்கட்டின் ஒழுங்கு ராணுவ ஒழுங்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அகஸ்த் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுச் சமையல் மேதை, ராணுவத்தில் சமைத்த அனுபவத்தைக் கொண்டு, சமையல்காரர்களைப் படைப்பிரிவு போலப் பிரித்தார். குழம்புக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர், எல்லாருக்கும் மேலே செஃப். அவர் எது சொன்னாலும் 'யெஸ் செஃப்' என்பதே பதில். இந்த உலகின் மதிப்பெண் மிஷெலின் நட்சத்திரம். 1900இல் வாகன ஓட்டிகளுக்காக மிஷெலின் டயர் நிறுவனம் வெளியிட்ட கையேடுதான், நாளடைவில் உணவகங்களின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் நூலாயிற்று.

பளபளப்புக்குப் பின்னால் சம்பளம் இல்லாத உழைப்பும் இருந்தது. உலகின் சிறந்த உணவகம் என்று பல முறை பெயரெடுத்த கோபன்ஹேகன் 'நோமா', பயிற்சி பெற வந்தவர்களுக்குச் சம்பளம் தராமல் வேலை வாங்குவதாக விமர்சிக்கப்பட்டது. 2022இல்தான் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. 2023 ஜனவரியில், இந்த முறையில் இனி உணவகத்தைத் தொடர்ந்து நடத்தப்போவதில்லை என்று அதன் செஃப் ரெனே ரெட்செப்பி அறிவித்தார்.

இந்த உலகில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது அய்யலூரில் நின்று பார்த்தால் சட்டென்று விளங்கும். திண்டுக்கல்–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் இந்தப் பேரூராட்சியில் வியாழக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடுகிறது. வாங்க வந்தவர் ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார், முதுகை அழுத்திப் பார்ப்பார், தூக்கிப் பார்த்துக் கறி எத்தனை கிலோ தேறும் என்று கணக்குப் போடுவார். அதன் பிறகுதான் விலை பேச்சு. விற்பவர் சொல்லும் பெருமையை அப்படியே நம்பிப் பணம் எடுப்பவர் அங்கே யாரும் இல்லை.

'தி மெனு'வில் இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று வருகிறது. விருந்தினர்களுக்குக் கறி பதப்படுத்தும் கூடத்தைச் சுற்றிக் காட்டும் பெண், இறைச்சி சரியாக 152 நாட்கள் பதப்படுத்தப்படுகிறது என்று பக்தியோடு சொல்கிறாள். 153ஆம் நாள் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே எழுந்துவிடுகிறது. அது சந்தையில் பல் பார்ப்பவர் கேட்கிற கேள்வி. மெய்மறந்து தலையாட்ட வேண்டிய இடத்தில் அது எழுவதுதான் வேடிக்கை.

முன்னோடிகள்

விருந்து மேசையில் வசதிபடைத்தவர்களைக் கேலி செய்வதை 1970களிலேயே ஐரோப்பிய இயக்குநர்கள் கையில் எடுத்தார்கள். 1972இல் லூயிஸ் புனுவல் எடுத்த 'தி டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் த பூர்ஷ்வா' படத்தில் ஆறு பெரிய மனிதர்கள் சேர்ந்து சாப்பிட உட்கார்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தடை. படம் முடியும்வரை பந்தி முடிவதே இல்லை. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது.

மறு ஆண்டே இத்தாலிய இயக்குநர் மார்க்கோ ஃபெரேரி 'லா கிராந்த் பூஃப்' எடுத்தார். ஒரு விமானி, ஒரு நீதிபதி, ஒரு தொலைக்காட்சிக்காரர், ஒரு சமையல் வல்லுநர் ஆகிய நால்வரும் ஒரு மாளிகைக்குள் புகுந்து, சாகும்வரை சாப்பிடுவது என்று தீர்மானித்து, அப்படியே செத்தும் போகிறார்கள். கான் திரைப்பட விழாவில் அந்தப் படம் பெரிய கூச்சலைக் கிளப்பியது.

உணவகத்தையே முழுக் களமாக்கியது பீட்டர் கிரீனவே 1989இல் இயக்கிய 'தி குக், த தீஃப், ஹிஸ் வைஃப் அண்ட் ஹெர் லவர்'. ஒரு ரவுடி ஆடம்பர உணவகம் ஒன்றை வாங்கி, இரவுதோறும் கூட்டாளிகளோடு வந்து தின்று கொக்கரிக்கிறான். மனைவிக்கு அங்கேயே ஒரு புத்தக வியாபாரியோடு காதல் மலர்கிறது. ரவுடி அந்தக் காதலனைப் புத்தகத் தாள்களை வாயில் திணித்தே கொல்கிறான். மனைவி செஃப்பிடம் போய், காதலனின் உடலைச் சமைத்துத் தரச் சொல்கிறாள். கடைசியில் துப்பாக்கி முனையில் கணவன் அதைத் தின்ன வேண்டியதாகிறது. எதையும் விழுங்கலாம் என்று இருந்த அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் காலத்துப் பணத்திமிரின் மீதான சாட்டையடியாகவே பிரிட்டிஷ் விமர்சகர்கள் பலர் அதைப் பார்த்தார்கள்.

தீவில் ஒரு கடைசி விருந்து

'தி மெனு'வின் கதையை எழுதியவர்கள் சேத் ரைஸ், வில் டிரேசி. இருவரும் 'தி ஆனியன்' என்ற நையாண்டிப் பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள். நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே, தீவில் இருந்த ஒரு உணவகத்துக்கு டிரேசி போனார். இறக்கிவிட்ட படகு திரும்பிப் போனதும், சாப்பாடு முடியும்வரை இங்கிருந்து நகர முடியாதே என்ற எண்ணம் வந்தது. அதுதான் கதையின் விதை. இயக்கியவர் மார்க் மைலாட். படத்தில் வரும் பதார்த்தங்களை வடிவமைக்க உதவியவர் டொமினிக் கிரென். அமெரிக்காவில் மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்ற முதல் பெண் செஃப் அவர்தான்.

கதை நடப்பது 'ஹாத்தார்ன்' என்ற கற்பனை உணவகத்தில். தனித் தீவு, ஒரு வேளைக்கு 12 விருந்தினர், ஆளுக்கு 1,250 டாலர்; அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். செஃப் ஸ்லோவிக்காக ரால்ஃப் ஃபைன்ஸ் நடித்திருக்கிறார். அவர் கை தட்டினால் சமையல்கட்டே விறைத்து நிற்கும். அன்றைய இரவின் வரிசையில் கடைசிப் பதார்த்தம், விருந்தினர் உட்பட எல்லாருடைய மரணமும்தான்.

கேலி தட்டு தட்டாக ஏறுகிறது. இரண்டாவதாக வருவது ரொட்டி இல்லாத ரொட்டித் தட்டு. ரொட்டி ஏழைகளின் உணவு, நீங்கள் ஏழைகள் அல்ல, எனவே உங்களுக்கு ரொட்டி கிடையாது என்று விளக்கம் சொல்லி, தொட்டுக்கொள்ளும் சாறுகளை மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள். தட்டு காலியாக இருக்கிறது. உணவு விமர்சகரோ அதையும் பாராட்ட வார்த்தை தேடுகிறார். அடுத்து வரும் டார்ட்டியா ரொட்டிகளில் விருந்தினர் ஒவ்வொருவருடைய தில்லுமுல்லும் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கிறது. கணவனின் கள்ளத்தொடர்பு ஒன்றில், கம்பெனிக் கணக்கில் நடந்த மோசடி இன்னொன்றில்.

செஃப்பின் தீர்ப்பிலும் கேலி கலந்திருக்கிறது. திரைப்பட நடிகர் ஒருவர் சாக வேண்டியவராகிறார். அவர் செய்த குற்றம், செஃப்புக்கு அபூர்வமாகக் கிடைத்த ஒரு விடுமுறை நாளை மோசமான படம் நடித்து வீணடித்தது. நடிகரின் உதவியாளரிடம், படிப்புக்காகக் கடன் வாங்கினாயா என்று கேட்கிறார். இல்லை என்கிறாள். அப்படியானால் நீயும் சாகத்தான் வேண்டும் என்கிறார்.

படத்தின் கூர்மையான காட்சி ஒரு பணக்காரத் தம்பதியைப் பற்றியது. பல முறை அங்கே வந்து சாப்பிட்டவர்கள். போன முறை சாப்பிட்டதில் ஒரே ஒரு பதார்த்தத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார் செஃப். கணவருக்கு ஒன்றும் நினைவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த மறதி எத்தனை பெரிய குற்றம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தப்பிப்பவள் ஒருத்திதான். அன்யா டெய்லர்-ஜாய் நடித்த மார்கோ, சமையல் பைத்தியம் பிடித்த ஒருவன் கூலி கொடுத்து அழைத்துவந்த பெண். ஸ்லோவிக் இளவயதில் சாதாரணக் கடையில் பர்கர் போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்கும் புகைப்படம் அவள் கண்ணில் பட்டுவிடுகிறது. எனக்கு இன்னும் பசிக்கிறது, ஒரு சீஸ்பர்கர் வேண்டும் என்கிறாள். விலை 9.95 டாலர். கறி உருண்டையைத் தட்டிப் பரப்பி, வெங்காயம் வதக்கி, சீஸ் உருகும்வரை காத்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் செஃப்பின் முகத்தில் உயிர் வருகிறது. ஒரு கடி கடித்துவிட்டு, மீதியைப் பார்சல் கட்டித் தரச் சொல்கிறாள். பார்சலோடு அவளையும் போகவிடுகிறார்.

ஏறக்குறைய 3 கோடி டாலரில் எடுத்த படம், உலகெங்கும் 8 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக வசூலித்தது. ரால்ஃப் ஃபைன்ஸ், அன்யா டெய்லர்-ஜாய் இருவரும் கோல்டன் குளோப் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

அதே 2022இல் கான் விழாவின் உயரிய விருதை வென்றது 'ட்ரையாங்கிள் ஆஃப் சாட்னஸ்'. கோடீஸ்வரர்களின் உல்லாசக் கப்பலில், புயல் அடிக்கும் இரவில் ஆடம்பர விருந்து நடக்கிறது. தின்றதெல்லாம் வாந்தியாக வெளியே வருகிறது. கப்பல் தலைவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து பர்கர் சாப்பிடுகிறார். 2023இல் வந்த தாய்லாந்துப் படமான 'ஹங்கர்', தெருவோர நூடுல்ஸ் கடைப் பெண் ஒருத்தி கொடுங்கோல் செஃப்பிடம் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் தன் கடைக்கே திரும்பும் கதை. அதில் சிரிப்பு குறைவு, கோபம் அதிகம்.

நம் பக்கத்தில்

விருந்தோம்பலே கொலைக்கருவியாகும் கதை நமக்குப் புதிதல்ல. தம்பி வாதாபியை ஆடாக்கி, அறுத்துச் சமைத்து, விருந்தாளிக்குப் படைத்து, உண்டு முடித்ததும் 'வாதாபி, வா' என்று அழைத்து, வயிற்றைக் கிழித்து வரவைத்தவன் புராணத்து அசுரன் இல்வலன். அவனிடம் விருந்துண்ட அகத்தியர் வயிற்றைத் தடவி, வாதாபி செரித்துப்போனான் என்று சொல்லும் இடத்தில் பயமும் சிரிப்பும் ஒன்றாகவே வருகின்றன. டார்க் காமெடிக்கு வேண்டிய எல்லாம் அந்தக் கதையிலேயே இருக்கிறது.

இந்தியத் திரையில் இந்த வகைக்குப் பக்கத்தில் வருவது 2019இல் பாஸ்கர் ஹஸாரிகா எடுத்த 'ஆமிஸ்' என்ற அசாமியப் படம். இறைச்சி உண்ணும் பழக்கங்களை ஆராயும் மாணவனுக்கும், திருமணமான மருத்துவர் ஒருவருக்கும் சாப்பாட்டின் வழியாக நெருக்கம் வளர்கிறது. தொட முடியாத காதல், அவன் தன் சதையையே சமைத்துத் தரும் இடம்வரை போகிறது. ஆடம்பர உணவகத்தை அது கேலி செய்யவில்லை. புதிய ருசி என்ற மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதே அதன் கேள்வி.

தமிழ்ப் படங்களில் சமையல்கட்டு பெரும்பாலும் நகைச்சுவைக்கும் குடும்பக் கதைக்கும்தான் பயன்பட்டது. கே. பாலசந்தர் எழுதி 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்', பரிமாறுகிறவனின் பக்கம் நின்று பேசியது. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்ததும் பந்தியின் ஆசாரம் சிரிப்பாய்ச் சிரித்தது. 2023இல் நயன்தாரா நடித்த 'அன்னபூரணி', ஸ்ரீரங்கத்துக் கோயில் சமையல் குடும்பத்துப் பெண் செஃப் ஆகும் கதை. எதிர்ப்புக் கிளம்பியதும் 2024 ஜனவரியில் அது நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. தட்டில் இருப்பது சைவமா அசைவமா என்பதே இங்கே வழக்காகிவிடுகிறது. பணத்தைக் கேலி செய்யும் கட்டத்துக்குத் தமிழ் உணவுப் படங்கள் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

அப்படி ஒரு படத்துக்கான கதைப்பொருள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. சந்தைகளில் விலைபோகும் ஆடும் சீரகச் சம்பா அரிசியும்தான் திண்டுக்கல் பிரியாணியின் அஸ்திவாரம். 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய தலப்பாக்கட்டிக் கடை இன்று வெளிநாடுகளிலும் கிளை பரப்பியிருக்கிறது. நத்தம் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த விஜய்குமார், நியூயார்க்கின் 'செம்ம' உணவகத்தின் செஃப். 'தி மெனு' வெளியான அதே 2022இல் அந்த உணவகம் மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. 2025இல் அவருக்கு ஜேம்ஸ் பியர்ட் விருதும் கிடைத்தது. அங்கே பேர்பெற்ற பதார்த்தம் நத்தைப் பிரட்டல். வயலில் பொறுக்கிய நத்தையைத் தின்பது ஊரில் ஏழ்மையின் அடையாளம். அதே நத்தையைப் பிரெஞ்சுக்காரர்கள் உயர்ந்த உணவாகக் கொண்டாடுவதைச் சமையல் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

ஆடம்பர விருந்தைக் கேலி செய்யும் இந்தப் படங்கள் சமையலைப் பழிக்கவில்லை, நல்ல சமையல்காரரையும் பழிக்கவில்லை. பண்டம் ஒன்றாகவே இருக்க, யார் தின்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு ஏறி இறங்குவதைத்தான் பழிக்கின்றன. பார்க்க விரும்புவோர் 'தி மெனு'வில் தொடங்கலாம். இந்த வகையில் அதுவே எளிதில் உள்ளே விடும் படம். கிரீனவேயின் படமும் 'ஆமிஸ்' படமும் வயிற்றைப் புரட்டும். இவற்றில் எதையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.